டிரைவர் தகராறு: லினக்ஸ் கேள்வி பதில்

லினக்ஸ் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லி வச்சதுக்கு வந்து குவிஞ்ச மெயில்ல முக்காவாசி கிராபிக்ஸ் டிரைவர் புலம்பல்தான், அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு, பிரிண்டர் கோஷ்டியும் வைஃபை கோஷ்டியும் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஒண்ணே ஒண்ணு, கமாண்டை எல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன் சார். டெஸ்க்டாப்ல லினக்ஸ் மின்ட் 22, கார்டு என்விடியா ஜிடி 710. வீடியோ ஓட்டுனா நடுவுல கிழியுற மாதிரி தெரியுதேன்னு கம்பெனி சைட்டுக்குப் போயி இருக்கறதுலயே புது டிரைவரா பாத்து இறக்கி டெர்மினல்ல இன்ஸ்டால் பண்ணேன். ரீஸ்டார்ட் பண்ணதுல இருந்து லோகோ வருது, அப்புறம் ஸ்கிரீன் கருப்பாவே நிக்குது. ஒரு கல்யாண ஆல்பம் உள்ள மாட்டிக்கிச்சு. ஃபார்மட் பண்ணாம சரி பண்ண முடியுமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

ஃபார்மட் பேச்சே எடுக்காதீங்க சார். ஆல்பத்துக்கு ஒண்ணும் ஆகல, டிஸ்க்ல இருக்கறது அப்படியே இருக்கு, படம் காட்டுற வேலை மட்டும்தான் நின்னு போயிருக்கு.

நமக்கெல்லாம் விண்டோஸ்ல பழகின கை, டிரைவர்னா சைட்டுக்குப் போறது, இருக்கறதுலயே பெரிய நம்பரா பாத்து இறக்குறது, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் ஃபினிஷ். லினக்ஸ்ல இந்தப் பழக்கத்தை விட்டாலே பாதி பிரச்சினை வராது. இங்க டிரைவரோட அடிப்பகுதி நீங்க ஓட்டுற கெர்னலுக்குன்னே (லினக்ஸோட மையப் பகுதிதான் கெர்னல்) கம்பைல் ஆகி, அதாவது மெஷினுக்குப் புரியற மாதிரி மாறி, அதுக்குள்ள போயி உக்காரணும், கெர்னல் அப்டேட் ஆனா திரும்ப கம்பைல் ஆகணும். அதை டிஸ்ட்ரோவோட (மின்ட், உபுண்டு, ஃபெடோரா மாதிரி ஒவ்வொரு லினக்ஸ் வகையும் ஒரு டிஸ்ட்ரோ) பேக்கேஜ் தானா பாத்துக்கும். சைட்ல இறக்குன ரன் ஃபைலை பேக்கேஜ் மேனேஜருக்கு யாருன்னே தெரியாது, அதனால இன்னைக்கு ஓடுனாலும் அடுத்த கெர்னல் அப்டேட்ல படுத்துடலாம்.

உங்க கேஸ்ல இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கு. ஜிடி 710 கெப்ளர் தலைமுறை கார்டு, அதுக்கு என்விடியா குடுத்த கடைசி டிரைவர் வரிசை 470, அதுக்கும் 2024லயே சப்போர்ட் முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல எந்த நம்பர் போட்டாலும் அந்த டிரைவர் கார்டைப் பாத்து "நீ பழைய வரிசை, 470க்குப் போ"ன்னு கெர்னல் லாக்ல ஒரு வரி எழுதிட்டு ஒதுங்கிக்கும், ஸ்கிரீன்ல ஒரு வார்த்தை வராது. இதே மாதிரி ஜிடி 610 ஃபெர்மி தலைமுறை, அது 390ஓட சரி, இன்னும் பழைய ஜிடி 210 எல்லாம் 340ஓட முடிஞ்சுது. ஜிடி 730 வச்சிருக்கறவங்க ரொம்ப கவனமா இருங்க, அந்தப் பேர்ல ஃபெர்மி சிப் போட்டும் வித்தாங்க, கெப்ளர் சிப் போட்டும் வித்தாங்க, டப்பாவைப் பாத்து கண்டுபிடிக்கறது கஷ்டம். எல்எஸ்பிசிஐன்னு டெர்மினல்ல அடிச்சா சிப் பேரு வரும், ஜிஎஃப்னு ஆரம்பிச்சா ஃபெர்மி, ஜிகேன்னு ஆரம்பிச்சா கெப்ளர்.

இப்ப மீட்கிற வேலை. கருப்பு ஸ்கிரீன் நிக்கிறப்ப கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேத்து அமுக்குங்க, எழுத்து மட்டும் வர்ற லாகின் வரும். அதுவும் வரலன்னா மெஷினை ஆன் பண்ண உடனே எஸ்கேப், ரொம்ப பழைய போர்டா இருந்தா ஷிஃப்ட், அப்ப எதை பூட் பண்ணணும்னு கேக்கிற கிரப் மெனு வரும், முதல் வரியில நின்னு ஈ அமுக்குங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற நீளமான வரியோட கடைசியில ஒரு ஸ்பேஸ் விட்டு நோமோட்செட்னு சேத்து எஃப்10 அமுக்குங்க. இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், எங்கயும் சேவ் ஆகாது, பயப்பட வேணாம்.

உள்ள வந்துட்டீங்களா, இறக்குன டிரைவரை அதோட சொந்த கமாண்டாலயே கழட்டணும், சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால் (சூடோன்னா அட்மின் உரிமையோட ஓட்டுன்னு அர்த்தம்). அந்த எழுத்து லாகின்ல பாஸ்வேர்டு அடிக்கிறப்ப ஸ்கிரீன்ல ஒரு புள்ளி கூட வராது, கீபோர்டு வேலை செய்யலன்னு நினைச்சுக்காதீங்க. இத்தோட முடிஞ்சுதுன்னு நிறைய பேர் ரீஸ்டார்ட் பண்ணி மறுபடியும் கருப்பைப் பாத்து அழறாங்க, ஏன்னா அந்த இன்ஸ்டாலர் போறப்ப ரெண்டு சாமானை விட்டுட்டுப் போயிருக்கும். ஒண்ணு, மோட்ப்ரோப்.டி ஃபோல்டருல நூவோவை ஏத்தாதேன்னு எழுதி வச்ச ஃபைல், ஈடிசி உள்ளயும் பாருங்க, யுஎஸ்ஆர் லிப் உள்ளயும் பாருங்க, பேர்லயே டிஸேபிள்-நூவோன்னு இருக்கும். நூவோன்னா கெர்னல்லயே வர்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவர், அதைத் தடுத்து வச்சா அப்புறம் படம் காட்ட யாரு இருக்கா? இன்னொண்ணு ஈடிசி உள்ள எக்ஸ்11 ஃபோல்டருல எக்ஸ்ஆர்க்.கான்ஃப்னு ஒரு ஃபைல் கிடக்கலாம், அதை அழிக்காம பேரை மட்டும் மாத்தி வைங்க. கடைசியா சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, அப்புறம் ரீபூட். டெஸ்க்டாப் வந்துடும்.

வந்ததும் மின்ட்டோட டிரைவர் மேனேஜரைத் திறங்க, அங்கயே 470 இருக்கும், அதைப் போடுங்க. கெர்னலை மட்டும் ரொம்ப புதுசுக்கு ஏத்தாதீங்க, 470 பழைய சரக்கு, புது கெர்னல்ல கம்பைல் ஆகாம மண்டையைப் போட வாய்ப்பிருக்கு, மின்ட் 22ஓட வந்த 6.8 வரிசையிலயே நில்லுங்க, அப்டேட் மேனேஜர்ல வியூ மெனுல கெர்னல் பட்டியல் இருக்கு, அதுல பாத்து தேர்ந்தெடுக்கலாம். அப்புறம் நீங்க முதல்ல கேட்ட கிழியுற விஷயம், அதுக்கு டிரைவர் நம்பரை மாத்த வேண்டிய தேவையே இல்ல, என்விடியா செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே கான்ஃபிகரேஷன் பக்கத்துல அட்வான்ஸ்டு பட்டனைத் தட்டுனா ஃபோர்ஸ் ஃபுல் கம்போசிஷன் பைப்லைன்னு ஒரு டிக் வரும், அதைப் போட்டு அப்ளை குடுங்க, போதும்.

அண்ணா, புதுசா ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கி மாட்டியிருக்கேன், உபுண்டுல டிரைவரும் போட்டாச்சு, ஆனா கேம் முன்ன மாதிரியே திக்கித் திக்கி ஓடுது. அபவுட் பக்கத்துல இன்டெல் கிராபிக்ஸ்னே காட்டுது.
— ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, மானிட்டர் கேபிள் எங்க சொருகியிருக்கு பாரு. யுஎஸ்பி போர்ட் எல்லாம் இருக்கே, மதர்போர்டோட அந்த எச்டிஎம்ஐலயா? கழட்டி கீழ படுக்கைவாட்டுல இருக்கிற கார்டோட போர்ட்ல மாட்டு.

விண்டோஸ் 11ஓட சேத்து மின்ட் போட்டிருக்கேன். டிரைவர் மேனேஜர்ல சொன்ன என்விடியா டிரைவரைத்தான் போட்டேன், சைட்ல எல்லாம் இறக்கல. ஆனா என்விடியா-எஸ்எம்ஐ அடிச்சா டிரைவரோட பேச முடியலன்னு வருது. இன்ஸ்டால் பண்றப்ப ஒரு பாஸ்வேர்டு கேட்டுச்சு, ரீஸ்டார்ட்ல நீலக் கலர்ல ஏதோ வந்துச்சு, புரியலன்னு கன்டினியூ குடுத்துட்டேன்.
— ஒரு வாசகி, சேலம்

அந்த நீல ஸ்கிரீன்தாங்க விஷயமே. உங்க மெஷின்ல செக்யூர் பூட் ஆன்ல இருக்கு. அது கல்யாண வீட்டு வாசல்ல பத்திரிகை கேக்கிற ஆள் மாதிரி, தெரிஞ்ச கையெழுத்து இல்லாத எதையும் கெர்னலுக்குள்ள விடாது. உங்க மெஷின்லயே கம்பைல் ஆன டிரைவர் உங்க மெஷினோட சாவியால கையெழுத்தாகி நிக்குது, அந்தச் சாவியை நம்பலாம்னு நீங்க ஒரு தடவை நேர்ல உக்காந்து ஒத்துக்கணும், அதைக் கேக்கத்தான் அந்த நீல ஸ்கிரீன் வந்துச்சு, சில செகண்டு பாத்துட்டு அதுவா போயிடும் வேற, நாம டீ எடுக்கப் போயிருந்தா அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா சூடோ மோட்ப்ரோப் என்விடியான்னு அடிச்சுப் பாருங்க, கீ ரிஜெக்ட் ஆச்சுன்னு வந்தா நூத்துக்கு நூறு இதேதான்.

சரி பண்றது சுலபம். சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட் போட்டு அதுக்குப் பின்னாடி சாவி ஃபைல் இருக்கிற இடம், உபுண்டு மின்ட் ரெண்டுலயும் அது வார் லிப் உள்ள ஷிம்-சைன்டு ஃபோல்டருல மோக் ஃபோல்டருக்குள்ள மோக்.டெர், பேர்ல மோக் மட்டும் பெரிய எழுத்து (மோக்னா மெஷின் ஓனர் கீ, மேல சொன்ன அந்தச் சாவிதான்). ஒரு பாஸ்வேர்டு கேக்கும், அடுத்த பூட்ல ஒரே ஒரு தடவைதான் தேவைப்படும், பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்க, நீல ஸ்கிரீன் வந்த உடனே ஏதாவது ஒரு கீயைத் தட்டி என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட். இனிமே கெர்னல் அப்டேட் ஆனாலும் அதே சாவிதான், திரும்ப கேக்காது.

பயாஸ்ல செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடுங்கன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. பண்ணலாம், டிரைவர் ஓடும். ஆனா விண்டோஸ் பக்கம் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரிக்கவரி கீ கேட்டு வழியை மறிக்கும், அது கையில இல்லன்னா வம்பு, வீட்ல பசங்க வேலரன்ட் ஆடறவங்களா இருந்தா விண்டோஸ் 11ல செக்யூர் பூட் இல்லாம அது திறக்கவே திறக்காது. ரெண்டு நிமிஷ வேலைக்கு சோம்பேறித்தனப்பட்டு எதுக்குங்க அந்த வம்பு. உபுண்டு வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை கம்மி, உபுண்டுவை நடத்தற கெனானிக்கல் கம்பெனியே கையெழுத்து போட்ட ரெடிமேட் என்விடியா மாட்யூல் (கெர்னலுக்குள்ள போற டிரைவர் பகுதி) குடுக்குது, சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்னு போட்டா முடிஞ்ச வரைக்கும் அதைத்தான் எடுக்கும், நீல ஸ்கிரீனே வராது.

டியூஷன் சென்டர்ல பழைய 18.5 இன்ச் மானிட்டர், விஜிஏ மட்டும்தான் இருக்கு. எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வர்ட்டர் வச்சு மாட்டினதுல 1024×768க்கு மேல ரெசல்யூஷனே வரல, எழுத்தெல்லாம் உப்பிக்கிட்டு தெரியுது. டிரைவர் எதைப் போடணும் சார்?
— ஒரு வாசகர், காரைக்குடி

எந்த டிரைவரும் போட வேணாம், டிரைவர் நல்லாத்தான் இருக்கு, மானிட்டர் யாருன்னு அதுக்குத் தெரியல. ஒவ்வொரு மானிட்டரும் தன்னோட அளவு, ரெசல்யூஷன் எல்லாத்தையும் ஈடிஐடின்னு ஒரு சின்ன தகவலா கேபிள் வழியா அனுப்பும், விஜிஏல அது 12வது பின்லயும் 15வது பின்லயும் போகுது. மலிவு கேபிள்ல சில பின் இருக்கவே இருக்காது, மலிவு கன்வர்ட்டர் சிலது அந்தத் தகவலைக் கடத்தவே கடத்தாது, அப்ப கெர்னல் எதுக்கு வம்புன்னு 1024×768ல நின்னுக்கும். முதல்ல வேற விஜிஏ கேபிள் ஒண்ணு மாத்திப் பாருங்க, கொஞ்சம் நல்ல கன்வர்ட்டர் கிடைச்சா இன்னும் உத்தமம். (கடையில "எல்லாமே ஒண்ணுதான் சார்"னு சொல்லுவாங்க, நம்பாதீங்க.)

இப்போதைக்கு இதையே வச்சு ஓட்டணும்னா கையால சொல்லிக் குடுக்கலாம். சிவிடி 1366 768 60 அடிச்சா மோட்லைன்னு ஒரு நீள வரி குடுக்கும், அதுல 1366க்கு பதிலா 1368னு இருக்கும், பதறாதீங்க, அந்தக் கணக்கு எட்டால வகுபடுற எண்ணாத்தான் போகும். மோட்லைன்ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி இருக்கிறது மொத்தத்தையும் எக்ஸ்ரேண்டர் --நியூமோட் பின்னாடி ஒட்டுங்க, அடுத்து எக்ஸ்ரேண்டர் --ஆட்மோட் எச்டிஎம்ஐ-1 போட்டு அந்த மோடோட பேரு, அப்புறம் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேக்குப் போனா பட்டியல்ல வந்து நிக்கும். போர்ட் பேரு எச்டிஎம்ஐ-1 தானான்னு வெறும் எக்ஸ்ரேண்டர் அடிச்சு பாத்துக்கோங்க, மெஷினுக்கு மெஷின் மாறும். லாக் அவுட் பண்ணா போயிடும், நிலைக்கணும்னா அந்த ரெண்டு வரியையும் ஹோம் ஃபோல்டருல புள்ளி வச்சு ஆரம்பிக்கிற எக்ஸ்ப்ரொஃபைல் ஃபைல்ல எழுதி வைங்க. இதெல்லாம் ஸ்கிரீன்ல விண்டோவைக் காட்டுற பழைய முறையான எக்ஸ்ஆர்க்ல மட்டும்தான், புது முறையான வேலேண்ட் செஷன்ல இந்த வித்தை பலிக்காது.

ஒரு மாசமா ஒரே மந்தம். யூடியூப் போட்டா ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கத்துது, சிபியு நூறு சதவீதம் ஓடுது. கார்டு ஏஎம்டி ஆர்எக்ஸ் 550. ரேம் பத்தலையா?
— ஒரு வாசகர், திருச்சி

ரேமை விடுங்க. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி அடிச்சு (பி பெரிய எழுத்து, மெசா-யூட்டில்ஸ் பேக்கேஜ் வேணும்) ரெண்டரர்ங்கற வரியைப் பாருங்க. அங்க கார்டு பேரு வராம எல்எல்விஎம்பைப்னு வந்தா கார்டு சும்மா உக்காந்திருக்கு, அதோட வேலையையும் சிபியுவே இழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஏஎம்டி கார்டுல இது அடிக்கடி எப்படி வரும்னா, எப்பவோ ஸ்கிரீன் பிரச்சினைக்கு யாராவது சொல்லி நோமோட்செட்டை கிரப் ஃபைல்ல நிரந்தரமா எழுதி வச்சிருப்பீங்க. ஈடிசி உள்ள டிஃபால்ட் ஃபோல்டருல கிரப் ஃபைலைத் திறந்து பாருங்க, இருந்தா எடுத்துட்டு சூடோ அப்டேட்-கிரப். நோமோட்செட் மேல சொன்ன மாதிரி உள்ள நுழையறதுக்கு மட்டும்தான், ஏஎம்டி இன்டெல் டிரைவருக்கு அது இருந்தா வேலையே ஓடாது.

ஃபைல்ல அந்த வார்த்தை இல்லன்னா ஃபர்ம்வேர் இல்லாம இருக்கலாம், டெபியன் பழைய வெர்ஷன் ஆளுங்களுக்கு இது அதிகம். ஏஎம்டி கார்டுக்கு டிரைவர் கெர்னல்லயே இருந்தாலும் கார்டுக்குள்ள ஏத்தற ஃபர்ம்வேர் தனி, டெபியன் தன் கொள்கைப்படி அதை இன்ஸ்டாலர்ல வைக்காம இருந்துச்சு, 2023ல வந்த டெபியன் 12ல இருந்துதான் சேத்துக் குடுக்கறாங்க. ஏஎம்டி சைட்ல இருந்து மட்டும் எதையும் இறக்கிடாதீங்க, உங்க கார்டுக்கு அது தேவையே இல்ல.

ஃபெடோரால ஆர்பிஎம் ஃப்யூஷன்ங்கற வெளி பேக்கேஜ் களஞ்சியம் போட்டு ஏகேமாட்-என்விடியா இன்ஸ்டால் பண்ணேன், முடிஞ்ச உடனே ரீஸ்டார்ட், ஆனா நூவோதான் ஓடுது.
— ஒரு வாசகர், மதுரை

அந்த "முடிஞ்ச உடனே"லதான் கோளாறு. பேக்கேஜ் இறங்குனதுக்கு அப்புறம் பின்னாடி சத்தமில்லாம கம்பைல் ஓடும், அஞ்சு நிமிஷம் வரைக்கும் ஆகலாம். மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா (எஃப் பெரிய எழுத்து) அடிச்சு ஒரு நம்பர் வந்தாத்தான் ரீஸ்டார்ட். இப்ப சூடோ ஏகேமாட்ஸ் --ஃபோர்ஸ் குடுத்துட்டு பொறுமையா உக்காருங்க.

உபுண்டு 25.10க்கு மாறினேன், லாகின்ல இருந்த எக்ஸ்ஆர்க் ஆப்ஷனையே காணோம். ஜிடிஎக்ஸ் 1050 வச்சிருக்கேன், வேலேண்ட்ல என்விடியா மினுக்கும்னு சொல்றாங்களே, பழையபடி எக்ஸ்ஆர்க் கொண்டு வர முடியுமா?
— ஒரு வாசகர், ஈரோடு

உபுண்டுவோட வழக்கமான க்னோம் டெஸ்க்டாப்ல முடியாது, 25.10ல வர்ற க்னோம் 49ல அந்த செஷனைத் தூக்கிட்டாங்க. எக்ஸ்எஃப்சிஇ மாதிரி வேற டெஸ்க்டாப் போட்டா எக்ஸ்ஆர்க்ல ஓட்டலாம். ஆனா ஒரு தடவை வேலேண்டையே உண்மையா ஓட்டிப் பாருங்களேன், அந்த மினுக்கல் எக்ஸ்ப்ளிசிட் சிங்க்னு ஒரு வசதி இல்லாததால வந்தது, அது 2024ல 555 டிரைவர்ல வந்தாச்சு, அதுக்கு முன்னாடி எழுதின புலம்பலைத்தான் இன்னும் எல்லாரும் பரப்பிக்கிட்டு இருக்காங்க. பழைய எக்ஸ் அப்ளிகேஷன் எல்லாம் எக்ஸ்வேலேண்ட் வழியா ஓடிடும். உங்களுக்கு நான் கவலைப்படறது வேற ஒண்ணுக்கு, 1050 பாஸ்கல் தலைமுறை, அதுக்கு 580தான் கடைசி வரிசை, 590ல மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூணையும் கழட்டி விட்டுட்டாங்க. அதனால டிரைவர் பட்டியல்ல பெரிய நம்பர் வந்தாலும் தொடாதீங்க, திருநெல்வேலி சார் கதைதான் ஆகும்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பேரன் சொல்லி லினக்ஸுக்கு வந்தேன், சந்தோஷமாக இருக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் என்விடியா என்றால்தான் அழுகை, மற்ற கார்டுகளுக்கு ஏன் அவ்வளவு இல்லை? புதிதாக வாங்குவதானால் எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

வணக்கம் ஐயா. காரணம் பழசு. இன்டெல்லும் ஏஎம்டியும் தங்களோட டிரைவரை ஓப்பன் சோர்ஸா கெர்னலுக்குள்ளயே குடுத்துட்டாங்க, கெர்னல் மாறினா டிரைவரும் கூடவே மாறிக்கும், நாம எதுவும் பண்ண வேண்டியதில்ல. என்விடியா ரொம்ப காலம் மூடி வச்ச டிரைவராத்தான் குடுத்துச்சு, உள்ள என்ன இருக்குன்னு கெர்னல் எழுதறவங்களுக்கே தெரியாது, ஒடைஞ்சா சரி பண்ண முடியாது. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2012ல பின்லாந்துல ஆல்டோ யுனிவர்சிட்டி மேடையிலயே கேமராவைப் பாத்து என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினாரு, பேரன்கிட்ட கேளுங்க, அந்தப் படம் தெரியாத லினக்ஸ் பையன் இருக்க மாட்டான். வெளியில இருந்து நூவோ டிரைவரை எழுதினவங்க கார்டைத் தட்டித் தட்டிப் பாத்துத்தான் எழுதினாங்க, அதுலயும் ஜிடிஎக்ஸ் 900 வரிசையில இருந்து கம்பெனி கையெழுத்து போட்ட ஃபர்ம்வேர் இல்லாம கார்டோட வேகத்தைக் கூட்டவே முடியாதுன்னு ஆக்கிட்டாங்க, அதனாலதான் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கார்டெல்லாம் நூவோல ஆமை மாதிரி நகருது.

2022 மே மாசம் என்விடியாவே கெர்னல் பகுதியோட சோர்ஸை வெளியிட்டுச்சு, ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையும் அதுக்கு அப்புறம் வந்ததும் மட்டும்தான் கணக்கு, இப்ப ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு அந்த ஓப்பன் மாட்யூல் இல்லாம வேலையே நடக்காது. கேமும் 3டியும் ஓட்டற ஓப்பன்ஜிஎல், வல்கன், கார்டை வச்சே கணக்கு போட வைக்கிற குடா எல்லாம் இருக்கிற மேல்பகுதி இன்னும் மூடியேதான் இருக்கு. முன்னேற்றம்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா லேட்டு. பிளெண்டர்ல ரெண்டர் பண்றவங்க, ஏஐ மாடல் ஓட்டறவங்க குடாவுக்காக என்விடியாவைத்தான் வாங்கியாகணும், அவங்களுக்கு வேற வழி சொல்ல எனக்கும் மனசு இல்ல.

உங்களுக்கு படிக்க, எழுத, பாட்டு கேக்க, பேரனோட வீடியோ கால் பேச, இதுக்குத்தானே ஐயா, கார்டே வேணாம். ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளயே கிராபிக்ஸ் இருக்கிற சிபியு ஒண்ணு போதும், இன்டெல்லா இருந்தாலும் சரி, லினக்ஸ் போட்ட உடனே படம் வரும், டிரைவர்ங்கற பேச்சே இல்ல. கடையில மட்டும் ஒண்ணு பாத்துக்கோங்க, இன்டெல் சிபியு பேரோட கடைசியில எஃப்னு இருந்தா, இப்ப ஐ5-12400எஃப் மாதிரி, அதுல உள்ள கிராபிக்ஸ் கிடையாது, விலை கம்மின்னு அதைத் தலையில கட்டப் பாப்பாங்க. போர்டுல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதுல படம் வராது, அப்புறம் அதுக்குன்னு தனியா ஒரு கார்டு வாங்கணும்.